எட்டில் அடங்காத அணுக்கள்

வேதிப் பிணைப்பில் ஈடுபடும் அணு, எலக்ட்ரான்களைக் கொடுத்தோ வாங்கியோ பகிர்ந்துகொண்டோ தன் வெளிக்கூட்டில் எட்டு எலக்ட்ரான்களை நிரப்பிக்கொள்கிறது என்பதே எண்ம விதி. 1916ஆம் ஆண்டில் உருப்பெற்ற இந்த விதிக்குக் கட்டுப்படாத பொருள்கள், அதற்கு நெடுங்காலம் முன்பே வேதியியலாளர்களின் குடுவைகளில் இருந்தன. நைட்ரிக் ஆக்சைடை ஜோசப் பிரீஸ்ட்லி 1772இல் ஆராய்ந்திருந்தார். போரான் டிரைபுளூரைடைக் கே-லூசாக்கும் தெனாரும் 1808இல் உண்டாக்கினார்கள். பாஸ்பரஸ் பென்டாகுளோரைடை ஹம்ஃப்ரி டேவி 1810இல் பெற்றார். கந்தக ஹெக்சாபுளூரைடை மோவாசானும் லெபோவும் 1900ஐ ஒட்டித் தயாரித்தார்கள். எலக்ட்ரான் கணக்குப்படி பார்த்தால், முதலாவதில் ஓர் எலக்ட்ரான் துணையின்றித் தனித்து நிற்கிறது. மற்ற மூன்றிலும் மைய அணுவைச் சுற்றி முறையே ஆறு, பத்து, பன்னிரண்டு எலக்ட்ரான்கள் உள்ளன. விதியை வகுத்தவர் இவற்றை அறியாமல் வகுக்கவில்லை. நல்ல வழிகாட்டியாக அவர் முன்வைத்ததைப் பின்வந்தவர்கள் மீற முடியாத சட்டமாக ஆக்கினார்கள். விலக்குகளின் வரலாறு பெரும்பாலும் அந்த இறுக்கம் தளர்ந்த வரலாறுதான்.

எலக்ட்ரான் என்ற ஒன்று இருப்பதே தெரியாத காலத்தில் இந்தச் சிக்கல் இணைதிறனைப் பற்றிய சண்டையாக இருந்தது. ஒவ்வொரு தனிமத்துக்கும் மற்ற அணுக்களோடு சேர்வதில் ஒரு வரம்பு உண்டு என்று எட்வர்டு ஃபிராங்க்லண்டு 1852இல் காட்டினார். அந்த வரம்பு தனிமத்துக்குத் தனிமம் மாறாத ஒன்று என்று பிடிவாதமாக நின்றவர் ஆகஸ்ட் கெகுலே. கார்பனுக்கு நான்கு, நைட்ரஜனுக்கும் பாஸ்பரஸுக்கும் மூன்று என்பது அவர் கணக்கு. அப்படியானால் ஐந்து குளோரின்களைச் சுமக்கும் பாஸ்பரஸ் பென்டாகுளோரைடை என்ன செய்வது? அது உண்மையான மூலக்கூறே அல்ல, பாஸ்பரஸ் டிரைகுளோரைடும் குளோரினும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் சேர்க்கை என்று அவர் விடை சொன்னார். அதைச் சூடாக்கினால் அந்த இரண்டு வாயுக்களாகவே பிரிந்துவிடுவது அவர் கட்சிக்கு வலுச் சேர்த்தது.

இந்த வாதத்தை உடைக்க, பிரியாமல் ஆவியாகும் ஐந்திணைதிறன் சேர்மம் ஒன்று தேவைப்பட்டது. 1870களின் நடுவில் லீட்ஸ் நகரில் பணியாற்றிய தாமஸ் எட்வர்டு தார்ப், பாஸ்பரஸ் பென்டாகுளோரைடை ஆர்செனிக் டிரைபுளூரைடோடு வினைபுரியவைத்துப் பாஸ்பரஸ் பென்டாபுளூரைடைப் பெற்றார். அறை வெப்பநிலையிலேயே அது வாயு. அதன் அடர்த்தியை அளந்தபோது, ஒரு பாஸ்பரஸும் ஐந்து புளூரினும் சேர்ந்த ஒரே மூலக்கூறுக்கு உரிய அளவே கிடைத்தது. பிரிந்த தடயம் இல்லை. பாஸ்பரஸுக்கு ஐந்து கைகளும் உண்டு என்று ஏற்பதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. விதிக்கு ஒவ்வாத பொருளைக் கண்டால் அதை மூலக்கூறு அல்ல என்று ஒதுக்கிவிடும் இந்த வழக்கம் பின்னர் எண்ம விதியின் காலத்திலும் திரும்பி வந்தது.

எட்டு என்ற எண் முதலில் தனிம அட்டவணையிலிருந்தே தலைகாட்டியது. ஒரு தனிமத்தின் மிக உயர்ந்த நேர் இணைதிறனையும் மிக உயர்ந்த எதிர் இணைதிறனையும் குறி பாராமல் கூட்டினால் பெரும்பாலும் எட்டு வருகிறது என்று ரிச்சர்டு ஆபெக் 1904இல் எடுத்துக்காட்டினார். கந்தகம் ஆக்சிஜனோடு ஆறு வரை போகிறது, ஹைட்ரஜனோடு இரண்டில் நிற்கிறது. குளோரின் ஏழும் ஒன்றும். இதற்கு நடுவே மந்த வாயுக்கள் வந்து சேர்ந்திருந்தன. அவற்றில் ஹீலியத்தின் முதல் தடயம் 1868 ஆகஸ்ட் 18ஆம் நாள் முழுச் சூரிய கிரகணத்தோடு தொடர்புடையது. அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த குண்டூரில் பிரெஞ்சு வானியலாளர் ஜான்சனும் மசூலிப்பட்டினத்தில் சென்னை வான் ஆய்வகத்தின் போக்சனும் சூரியனின் விளிம்புச் சுடர்களை நிறமாலைமானியால் ஆராய்ந்தார்கள். அதே ஆண்டு இங்கிலாந்தில் லாக்கியர் அந்தச் சுடர்களின் மஞ்சள் கோட்டை ஆய்ந்து, அது புவியில் அறியப்படாத தனிமத்துக்கு உரியது என்ற முடிவுக்கு வந்தார். 1894இல் ராலேயும் ராம்சேயும் ஆர்கானைக் கண்டார்கள். 1895இல் ராம்சே ஹீலியத்தைப் புவியில் கிடைக்கும் கனிமத்திலிருந்தே பிரித்தார். 1898இல் அவரும் டிராவர்ஸும் கிரிப்டான், நியான், செனான் மூன்றையும் அடுத்தடுத்துக் கண்டுபிடித்தார்கள். ராம்சே ஆர்கானில் கொஞ்சத்தை மோவாசானுக்கு அனுப்பிவைத்தார். தனிமங்களிலேயே மிகக் கடுமையாக வினைபுரியும் புளூரினை முதன்முதலில் பிரித்தெடுத்தவர் அவர்தான். அவர் கையிலும் ஆர்கான் அசையவில்லை. எதோடும் சேராத தனிமங்களின் குடும்பம் ஒன்று உண்டு என்ற நம்பிக்கை அப்போது வேரூன்றியது.

கில்பர்ட் நியூட்டன் லூயிஸ் 1902இல் ஹார்வர்டில் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது, அணுவைக் கனசதுரமாகவும் எலக்ட்ரான்களை அதன் எட்டு மூலைகளிலும் வரைந்து ஒரு குறிப்பு எழுதிவைத்தார். அதை உடனே வெளியிடவில்லை. பதினான்கு ஆண்டுகளுக்குப் பிறகு, கலிபோர்னியாவின் பெர்க்லியில் இருந்தபடி, அந்தக் கருத்தை வளர்த்து ஓர் ஆய்வுக்கட்டுரையாக வெளியிட்டார். இரண்டு அணுக்கள் ஒரு சோடி எலக்ட்ரான்களைப் பகிர்ந்துகொள்வதே பிணைப்பு என்ற எண்ணம் அதில்தான் முழு உருவில் வந்தது. அதே 1916இல் ஜெர்மனியில் வால்தர் கோசல், எலக்ட்ரான்களைக் கொடுத்தும் வாங்கியும் மந்த வாயுவின் அமைப்பை அடையும் அயனிகளைப் பற்றித் தனியே எழுதினார். சகப்பிணைப்பு, அயனிப் பிணைப்பு என்று இன்று பள்ளியில் படிக்கும் இரண்டு பாதைகளும் ஒரே ஆண்டில், வெவ்வேறு நாடுகளில் திறந்தன.

லூயிஸுக்கு எட்டை விட இரண்டே பெரிதாகப் பட்டது. 1923இல் வெளிவந்த தம் நூலில், எலக்ட்ரான்கள் சோடி சேர்வதே அடிப்படை, எட்டு சேர்வது அதற்கு அடுத்தது என்று தெளிவாகவே அவர் எழுதினார். ஹைட்ரஜன் இரண்டோடு நிறைவடைகிறது. பாஸ்பரஸ் பென்டாகுளோரைடில் ஐந்து சோடிகளும் கந்தக ஹெக்சாபுளூரைடில் ஆறு சோடிகளும் மைய அணுவைச் சூழ்கின்றன. இவற்றிலெல்லாம் சோடி கெடவில்லை, எட்டு மட்டுமே கெடுகிறது. எட்டை மீறும் மூலக்கூறு அவருக்கு அதிர்ச்சி தரவில்லை. ஒற்றைப்படை எண்ணிக்கையில் எலக்ட்ரான் கொண்ட மூலக்கூறுதான் அவரைச் சிந்திக்கவைத்தது. எண்ணற்ற சேர்மங்களுக்கு நடுவே அத்தகையவை விரல்விட்டு எண்ணக்கூடியவை என்பதையே சோடிக்கான பெரிய சான்றாக அவர் கருதினார்.

எண்ம விதியை உலகறியச் செய்தவர் இர்விங் லாங்மியூர். ஸ்கெனெக்டடியில் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் ஆய்வகத்தில் பணியாற்றிய அவர், 1919இல் எழுதிய நீண்ட கட்டுரையாலும் கூட்டம் கூட்டமாகக் கேட்கப்பட்ட சொற்பொழிவுகளாலும் இந்தக் கொள்கையைப் பரப்பினார். விதிக்கு இன்றுள்ள பெயரையும் சகப்பிணைப்பைக் குறிக்கும் சொல்லையும் வழங்கியவர் அவரே. கொள்கைக்கு லூயிஸ்-லாங்மியூர் என்ற இணைப்பெயர் வழங்கத் தொடங்கியதில் லூயிஸுக்கு மனத்தாங்கல் இருந்தது. அதைவிட முக்கியமான வேறுபாடு ஒன்று உண்டு: எட்டை லாங்மியூர் மிகக் கண்டிப்பாக எடுத்துக்கொண்டார். பாஸ்பரஸ் பென்டாகுளோரைடில் நான்கு குளோரின்களே பாஸ்பரஸோடு பிணைந்திருக்கின்றன, ஐந்தாவது குளோரைடு அயனியாக வெளியே நிற்கிறது என்று எழுதி எட்டைக் காப்பாற்றினார். கெகுலேயின் பழைய உத்திதான் இது. ஆனால் இதில் பாதி உண்மையும் இருந்தது. 1942இல் ஆக்ஸ்போர்டில் அந்தச் சேர்மத்தின் படிகத்தை எக்ஸ் கதிரால் ஆராய்ந்தபோது, திண்ம நிலையில் அது உண்மையிலேயே அயனிகளால் ஆனது என்று தெரிந்தது. ஓர் அயனியில் பாஸ்பரஸைச் சுற்றி நான்கு குளோரின்கள், எட்டு எலக்ட்ரான்கள். மற்றதிலோ ஆறு குளோரின்கள், பன்னிரண்டு எலக்ட்ரான்கள். ஆவி நிலையில் ஐந்து குளோரின்களும் ஒரே பாஸ்பரஸோடு முறையாகப் பிணைந்திருக்கின்றன. விதிக்கு அடங்கிய அணுவும் மீறிய அணுவும் ஒரே படிகத்தில் அருகருகே இருப்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

எட்டு ஏன் என்ற கேள்விக்கு லூயிஸிடமும் லாங்மியூரிடமும் விடை இல்லை. 1925இல் பவுலி வகுத்த தவிர்ப்புத் தத்துவமும் அதைத் தொடர்ந்த குவாண்டம் இயக்கவியலும் அந்த விடையைத் தந்தன. வெளிக்கூட்டில் எலக்ட்ரான்கள் தங்கும் இடங்களாக ஓர் எஸ் ஆர்பிட்டாலும் மூன்று பி ஆர்பிட்டால்களும் உள்ளன. ஒவ்வொன்றும் இரண்டு எலக்ட்ரான்களை மட்டுமே ஏற்கும். நான்கும் நிறைந்தால் எட்டு. இரண்டாவது வரிசைத் தனிமங்களான கார்பன், நைட்ரஜன், ஆக்சிஜன், புளூரின் ஆகியவற்றின் இணைதிறன் கூட்டில் இந்த நான்கைத் தவிர வேறு ஆர்பிட்டால்கள் இல்லை, அணுவும் சிறியது, ஆகவே அவை எட்டைத் தாண்டுவதில்லை. உயிரினங்களின் வேதியியலும் மருந்துகளின் வேதியியலும் பெரும்பாலும் இந்த நான்கு தனிமங்களைச் சுற்றியே சுழல்வதால், எண்ம விதி உள்ளபடியைவிடப் பொதுவானதாகத் தோற்றம் தருகிறது. இடைநிலைத் தனிமங்களில் டி ஆர்பிட்டால்களும் சேர்ந்துகொள்ள, எட்டின் இடத்தைப் பதினெட்டு பிடித்துக்கொள்கிறது. லாங்மியூரே 1921இல் இதைக் கவனித்திருந்தார்: நிக்கல் கார்பனைலில் நிக்கலின் பத்து எலக்ட்ரான்களும் நான்கு கார்பன் மோனாக்சைடுகள் தரும் எட்டும் சேர்ந்து பதினெட்டாகின்றன. 1951இல் கண்டுபிடிக்கப்பட்ட ஃபெரோசீனும் இந்தக் கணக்கில் அடங்குகிறது.

நிலைத்தன்மை என்ற சொல்லையும் இங்கே அளந்து பார்க்க வேண்டியிருக்கிறது. எட்டை அடைந்தால் அணு நிலைபெறுகிறது, அதனால்தான் சோடியம் எலக்ட்ரானைக் கொடுக்கிறது, குளோரின் வாங்குகிறது என்று சொல்வது வழக்கம். ஆற்றல் கணக்கு வேறு விதமாக இருக்கிறது. ஒரு மோல் சோடியம் அணுக்களிலிருந்து எலக்ட்ரானைப் பறிக்க 496 கிலோஜூல் செலவாகிறது. குளோரின் அணு எலக்ட்ரானை ஏற்கும்போது 349 கிலோஜூல்தான் திரும்பக் கிடைக்கிறது. தனித்தனியே நிற்கும் இரண்டு அயனிகளும் எட்டை அடைந்துவிட்ட பிறகும் கணக்கில் 147 கிலோஜூல் நட்டமே மிஞ்சுகிறது. எதிரெதிர் மின்னூட்டங்கள் படிகமாக அடுக்கப்படும்போது வெளிவரும் ஏறத்தாழ 787 கிலோஜூல்தான் நட்டத்தை ஈடுகட்டி உப்பை உண்டாக்குகிறது. ஆக்சைடு அயனியின் நிலை இன்னும் வெளிப்படையானது. ஆக்சிஜன் அணு முதல் எலக்ட்ரானை ஏற்கையில் ஆற்றல் வெளியாகிறது. இரண்டாவதைத் திணிக்கவோ 700 கிலோஜூலுக்கும் மேல் தேவைப்படுகிறது. நியானின் அமைப்பைப் பெற்றுவிட்ட அந்த அயனி, தனியாக விடப்பட்டால் ஓர் எலக்ட்ரானை உடனே உதறிவிடும். மக்னீசியம் ஆக்சைடு போன்ற படிகத்துக்குள் மட்டுமே அதற்கு வாழ்வு. துத்தநாக அயனியோ பதினெட்டு எலக்ட்ரான்கள் கொண்ட வெளிக்கூட்டோடு நிறைவாக இருக்கிறது. இரும்பின் மூவிணைதிறன் அயனியில் பதின்மூன்று. எட்டை அடைவதற்காக அணு வினைபுரிகிறது என்பது காரணத்தையும் விளைவையும் இடம் மாற்றிச் சொல்வதாகும். முழு அமைப்பின் ஆற்றல் குறைவதே காரணம். பல தனிமங்களில் அது எட்டோடு கைகோத்து வருகிறது.

விலக்குகளைப் பாடநூல்கள் மூன்றாக வகுப்பது வழக்கம்: ஒற்றை எலக்ட்ரான் கொண்டவை, எட்டுக்குக் குறைந்தவை, எட்டுக்கு மிஞ்சியவை.

முதல் வகைக்கு நைட்ரஜனின் ஆக்சைடுகளே நல்ல சான்று. நைட்ரிக் ஆக்சைடில் நைட்ரஜனின் ஐந்தும் ஆக்சிஜனின் ஆறும் சேர்ந்து பதினொரு இணைதிற எலக்ட்ரான்கள். பதினொன்றை எப்படிப் பங்கிட்டாலும் இரண்டு அணுக்களுக்கும் எட்டு எட்டாக வராது. நைட்ரஜன் டைஆக்சைடில் பதினேழு. அது செம்பழுப்பு நிற வாயு. அதை அடைத்து மூடிய கண்ணாடிக் குழாயைப் பனிக்கட்டியில் அமிழ்த்தினால் நிறம் வெளிறிக்கொண்டே போகிறது. வெந்நீரில் வைத்தால் மறுபடி அடர்ந்து பழுக்கிறது. குளிரில் இரண்டு மூலக்கூறுகள் தத்தம் ஒற்றை எலக்ட்ரான்களைச் சோடி சேர்த்து, நிறமற்ற டைநைட்ரஜன் டெட்ராக்சைடாகின்றன. வெப்பத்தில் சோடி பிரிகிறது. லூயிஸின் இரண்டு என்ற எண்ணுக்கு உள்ள வலுவைக் கண்ணால் பார்ப்பதற்கு இது போதும். நைட்ரிக் ஆக்சைடு அறை வெப்பநிலையில் அப்படிச் சோடி சேர்வதில்லை. நெடுங்காலம் புகையாகவும் மாசாகவும் மட்டுமே அறியப்பட்டிருந்த அது, உடலில் இரத்தக் குழாய்களைத் தளர்த்தும் செய்தி மூலக்கூறு என்று கண்டதற்காக ஃபர்ச்காட், இக்னாரோ, முராத் மூவருக்கும் 1998இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

கார்பனின் நான்கு கைகளை யாரும் சந்தேகிக்காத காலத்தில், மூன்று கைகளோடு நிற்கும் கார்பனைக் காட்டியவர் மோசஸ் கோம்பர்க். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 1900இல் அவர் உண்டாக்க விரும்பியது ஆறு பீனைல் தொகுதிகள் கொண்ட ஈத்தேன். டிரைபீனைல்மீத்தைல் குளோரைடிலிருந்து வெள்ளியைக் கொண்டு குளோரினை நீக்கினார். கிடைத்த பொருளில் ஆக்சிஜன் புகுந்திருந்தது. காற்றை முற்றிலும் விலக்கி மறுபடி செய்தபோது, கரைசல் மஞ்சளாக நின்றது. அதைக் காற்றுப் படும்படி குலுக்கினால் நிறம் மறையும்; சிறிது நேரம் விட்டால் மஞ்சள் மீண்டும் ஊறிவரும். ஏழு எலக்ட்ரான்களோடு தனித்து நிற்கும் டிரைபீனைல்மீத்தைல் என்ற தனி உறுப்பே அந்த நிறத்துக்குக் காரணம் என்று கோம்பர்க் அறிவித்தார். இந்தத் துறையைத் தமக்கே ஒதுக்கிவைக்கும்படி கட்டுரையின் முடிவில் சக ஆய்வாளர்களைக் கேட்டுக்கொள்ளவும் செய்தார். கேட்டவர் சிலரே, கேளாதவர் பலர். பிளாஸ்டிக் பலபடிகள் உருவாவதிலும் எண்ணெய் சிக்குப் பிடிப்பதிலும் இயங்குவது இத்தகைய தனி உறுப்புகளே.

ஆக்சிஜன் வாயு இந்த வகையில் ஒரு நுட்பமான சிக்கல். இரட்டைப் பிணைப்பு போட்டு வரைந்தால் இரண்டு அணுக்களுக்கும் எட்டு கச்சிதமாக வந்துவிடுகிறது. எண்ணிக்கையில் குறையே இல்லை. ஆனால் ஆக்சிஜன் காந்தத்தால் ஈர்க்கப்படுவதை ஃபாரடே கண்டிருந்தார். 1891இல் டேவார், திரவ ஆக்சிஜன் காந்த முனைகளுக்கு நடுவே தாவி ஒட்டிக்கொள்வதைக் காட்டினார். எல்லா எலக்ட்ரான்களும் சோடி சேர்ந்திருந்தால் இப்படி நடக்காது. 1929இல் லென்னார்ட்-ஜோன்ஸ் மூலக்கூறு ஆர்பிட்டால் கொள்கையைக் கொண்டு, ஆக்சிஜனில் இரண்டு எலக்ட்ரான்கள் தனித்தனி ஆர்பிட்டால்களில் துணையின்றி நிற்பதை விளக்கினார். எட்டு சரியாக வந்தாலும் படம் தவறாக இருக்கலாம் என்பதற்கு, ஒவ்வொருவரும் சுவாசிக்கும் வாயுவே சான்று.

எட்டுக்குக் குறைந்த வகையில் போரான் முதன்மையானது. போரான் டிரைபுளூரைடில் மையத்தில் ஆறே எலக்ட்ரான்கள். இந்தக் குறையே அதன் வேதியியலை நடத்துகிறது. அம்மோனியாவைக் கண்டதும் அதன் தனித்த சோடியை வாங்கிக்கொண்டு வெண்ணிறத் திண்மமாகிவிடுகிறது. இதைக் கே-லூசாக் 1809லேயே செய்து பார்த்திருந்தார். சோடியை ஏற்பதே அமிலம், தருவதே காரம் என்று லூயிஸ் 1923இல் வகுத்த இலக்கணத்துக்கு இந்த வினை முன்மாதிரியாக நிற்கிறது. அலுமினியம் குளோரைடு ஆவியில் இரண்டிரண்டாகச் சேர்ந்து, குளோரினைப் பாலமாக்கிக் குறையைத் தீர்த்துக்கொள்கிறது. பெரிலியம் குளோரைடு திண்ம நிலையில் சங்கிலியாக நீள்கிறது; உயர் வெப்பநிலை ஆவியில் மட்டும் நான்கு எலக்ட்ரான்களோடு நேர்கோட்டு மூலக்கூறாகிறது.

போரானின் ஹைட்ரைடுகள் வேதியியலாளர்களை முப்பது ஆண்டுகளுக்கு மேல் தவிக்கவிட்டன. அவற்றை முதலில் தூய்மையாகப் பிரித்தவர் ஜெர்மனியைச் சேர்ந்த ஆல்ஃபிரட் ஸ்டாக். காற்றுப் பட்டால் தானே தீப்பற்றிப் பச்சைச் சுடரோடு எரியும், நீர் பட்டால் சிதையும் இந்த வாயுக்களைக் கையாள்வதற்காகவே அவர் 1912 முதல் முழுக்க மூடிய கண்ணாடி வெற்றிடக் கருவி ஒன்றை உருவாக்கினார். அதன் அடைப்பான்கள் பாதரசத்தால் இயங்கின. ஆண்டுக்கணக்கில் அந்தப் பாதரச ஆவியைச் சுவாசித்ததால் தலைவலியும் மறதியும் அவரைப் பீடித்தன. காரணம் புரிந்த பின் 1926இல் பாதரச ஆவியின் தீங்கைப் பற்றி எழுதி, ஆய்வகங்களை எச்சரிக்கும் பணியில் அவர் மிஞ்சிய வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்டார்.

ஸ்டாக் தந்த டைபோரேனில் இரண்டு போரான், ஆறு ஹைட்ரஜன். மொத்தம் பன்னிரண்டு இணைதிற எலக்ட்ரான்கள். ஈத்தேனைப் போல வரைந்தால் ஏழு பிணைப்புகள் வேண்டும், அதற்குப் பதினான்கு எலக்ட்ரான்கள் தேவை. ஒரு சோடி குறைகிறது. 1930களின் எலக்ட்ரான் விளிம்பு விளைவு ஆய்வும்கூட ஈத்தேன் வடிவத்தையே ஆதரித்துக் குழப்பத்தைக் கூட்டியது. 1943இல் ஆக்ஸ்போர்டில் இளநிலை மாணவராக இருந்த கிறிஸ்டபர் லாங்கெட்-ஹிக்கின்ஸ், தம் ஆசிரியர் பெல்லோடு சேர்ந்து வெளியிட்ட கட்டுரையில் பால வடிவத்தை நிறுவினார்: நான்கு ஹைட்ரஜன்கள் ஓரங்களில், மற்ற இரண்டும் போரான்களுக்கு நடுவே, ஒன்று மேலும் ஒன்று கீழுமாக. பாலம் என்ற எண்ணம் 1921லேயே டில்தே என்பவரால் சொல்லப்பட்டிருந்தும், அதுவரை யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை. அகச்சிவப்பு நிறமாலையும் 1951இல் ஹெட்பெர்க்கும் ஷோமேக்கரும் திருத்தமாகச் செய்த எலக்ட்ரான் விளிம்பு விளைவு ஆய்வும் அந்த வடிவத்தை உறுதிசெய்தன. ஒவ்வொரு பாலத்திலும் ஒரே சோடி மூன்று அணுக்களைப் பிணைக்கிறது. ஒரு கோடு, இரண்டு அணு, ஒரு சோடி என்ற பழக்கம் இங்கே உடைந்தது. மற்ற போரேன்களுக்கும் இந்த விளக்கத்தை விரித்த வில்லியம் லிப்ஸ்கோம்ப் 1976இல் நோபல் பரிசு பெற்றார்.

எட்டை நிறைத்துவிட்ட அணு இனி எதோடும் சேராது என்ற நம்பிக்கைக்கு மந்த வாயுக்களே கடைசிக் கோட்டை. லைனஸ் பாலிங் 1933இல் செனானும் கிரிப்டானும் புளூரினோடு சேர்மங்கள் தரக்கூடும் என்று எழுதினார். செனானின் வெளி எலக்ட்ரான்கள் அணுக்கருவிலிருந்து வெகு தொலைவில் உள்ளன. அவற்றைப் பிடித்து நிறுத்தும் விசை நியானில் உள்ள அளவு இல்லை. அவர் கேட்டுக்கொண்டபடி கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில் யோஸ்டும் அவர் மாணவர் கேயும் அரிதாகக் கிடைத்த செனானைப் புளூரினோடு கலந்து மின்பொறி பாய்ச்சிப் பார்த்தார்கள். எதுவும் உறுதியாகக் கிடைக்கவில்லை. அந்தத் தோல்வி நம்பிக்கையை மேலும் இறுக்கியது. அடுத்த முப்பது ஆண்டுகள் ஏறத்தாழ எவரும் முயலவில்லை.

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய நீல் பார்ட்லெட் வேறொரு வழியாக அங்கே வந்து சேர்ந்தார். பிளாட்டினம் ஹெக்சாபுளூரைடு என்ற செந்நிற ஆவி, ஆக்சிஜன் மூலக்கூறிலிருந்தே எலக்ட்ரானைப் பறித்துச் செம்மஞ்சள் உப்பு ஒன்றைத் தருவதை அவரும் லோமானும் கண்டிருந்தார்கள். ஆக்சிஜன் மூலக்கூறின் அயனியாக்கும் ஆற்றல் மோலுக்கு ஏறத்தாழ 1,165 கிலோஜூல். அட்டவணை ஒன்றைப் பார்த்தபோது செனானுக்கு அது 1,170 என்று இருந்தது. ஆக்சிஜனிடம் நடந்தது செனானிடமும் நடக்க வேண்டும். 1962 மார்ச் 23ஆம் நாள் மாலை, இரண்டு வாயுக்களையும் பிரித்துவைத்த கண்ணாடித் தடுப்பை அவர் உடைத்தார். சிவப்பு ஆவியும் நிறமற்ற செனானும் கலந்த கணமே மஞ்சள் திண்மம் படிந்தது. மாணவர்கள் உணவுக்குப் போய்விட்ட நேரம். காட்டுவதற்குப் பக்கத்தில் யாரும் இல்லை. அந்தத் திண்மம் அவர் முதலில் எழுதிய எளிய வாய்பாட்டைக் கொண்டதன்று, பல உப்புகளின் கலவை என்று பின்னர் தெரிந்தது. சேர்மம் உண்டானது என்பதில் மட்டும் ஐயமில்லை.

சில மாதங்களில் அமெரிக்காவின் ஆர்கோன் ஆய்வகத்தில் கிளாசன், செலிக், மாம் மூவரும் செனானையும் புளூரினையும் நிக்கல் கலத்தில் 400 டிகிரி செல்சியஸில் ஒரு மணி நேரம் வைத்துச் செனான் டெட்ராபுளூரைடின் நிறமற்ற படிகங்களைப் பெற்றார்கள். ஜெர்மனியில் ஹோப்பேயின் குழு செனான் டைபுளூரைடைத் தயாரித்தது. பின்னர் இன்னும் எளிய வழி தெரிந்தது: உலர்ந்த கண்ணாடிக் குடுவையில் இரண்டு வாயுக்களையும் அடைத்து வெயிலில் வைத்தாலே செனான் டைபுளூரைடு படிகமாகச் சுவரில் படிகிறது. கருவியின் போதாமையைக் காட்டிலும், நடக்காது என்ற முடிவே இந்தச் சேர்மங்களை அத்தனை காலம் மறைத்துவைத்திருந்தது. 2000ஆம் ஆண்டில் ஹெல்சின்கியில் ரேசனன் குழு, உறைந்த ஆர்கானுக்குள் ஹைட்ரஜன் புளூரைடைப் பொதிந்து புறஊதாக் கதிர் பாய்ச்சி, ஹைட்ரஜனுக்கும் புளூரினுக்கும் நடுவே ஆர்கான் பிணைந்த மூலக்கூறைக் கண்டது. மிகக் கடுங்குளிரில் மட்டுமே அது நிலைக்கிறது. மோவாசானிடம் அசையாத தனிமம் அதுதான்.

எட்டுக்கு மிஞ்சிய வகைக்கு விளக்கம் தேடியதே இந்த வரலாற்றின் கடைசிப் பகுதி. ஆக்ஸ்போர்டின் சிட்ஜ்விக் 1927இல், ஓர் அணு ஏற்கக்கூடிய பிணைப்புகளின் வரம்பு அது இருக்கும் வரிசையைப் பொறுத்தது என்று வகுத்து, மூன்றாம் வரிசைக்கு ஆறு வரை இடம் தந்தார். ஓர் அணுவின் ஆர்பிட்டால்கள் கலந்து புதியவை ஆகின்றன என்ற இனக்கலப்புக் கருத்தைப் பாலிங் 1931இல் அளித்தபோது, கந்தகம் தன் வெறுமையாக உள்ள டி ஆர்பிட்டால்களில் இரண்டையும் சேர்த்துக்கொண்டு ஆறு சம பிணைப்புகளைத் தருகிறது என்ற விளக்கம் உருவானது. கணக்கு அழகாகப் பொருந்தியது. வடிவமும் சரியாக வந்தது. அதனால் அது பாடநூல்களில் நிலைத்துவிட்டது.

ஆனால் கந்தகத்தின் டி ஆர்பிட்டால்கள் ஆற்றலில் மிக உயரத்தில் உள்ளன. பிணைப்பில் முழுப் பங்கு வகிக்க அவற்றால் இயலுமா என்ற ஐயம் தொடர்ந்தது. அயோவாவில் ரண்டிலும் பெர்க்லியில் பிமெண்டலும் 1951இல் தனித்தனியே வேறொரு வழியைக் காட்டினார்கள். அயோடினைப் பொட்டாசியம் அயோடைடு கரைசலில் கரைத்தால் உண்டாகும் மூவயோடைடு அயனியில் நடு அயோடினுக்குப் பத்து எலக்ட்ரான்கள் என்று பழைய கணக்கு சொல்லும். இவர்கள் சொன்னபடி, மூன்று அணுக்களின் மீதும் நான்கு எலக்ட்ரான்கள் பரவியிருக்கின்றன. இரண்டு மட்டுமே பிணைக்கின்றன, மற்ற இரண்டும் ஓர அணுக்களில் தங்கிவிடுகின்றன. நடு அணுவின் பங்கு எட்டைத் தாண்டுவதில்லை. டி ஆர்பிட்டாலும் தேவையில்லை. பதினொரு ஆண்டுகள் கழித்து வந்த செனான் டைபுளூரைடுக்கு இந்த விளக்கம் அப்படியே பொருந்தியது. 1969இல் ஜெரெமி மஷர் இத்தகைய மூலக்கூறுகள் அனைத்தையும் மிகை இணைதிறன் என்ற ஒரே பெயரின் கீழ்க் கொண்டுவந்தார்.

கணினிகள் வலுப்பெற்ற பின் விவாதம் எண்களால் நடந்தது. 1990இல் ரீடும் ஷ்லேயரும் ஒரு புறமும், மேக்னுசன் மறு புறமும் வெளியிட்ட கணக்கீடுகள், கந்தக ஹெக்சாபுளூரைடு போன்றவற்றில் டி ஆர்பிட்டால்களின் பங்கு மிகச் சிறியது என்று காட்டின. அவை எலக்ட்ரான் மேகத்தின் வடிவத்தைச் சற்றே திருத்த உதவுகின்றன, தனிப் பிணைப்புக்கு இடமாக அமைவதில்லை. புளூரின் எலக்ட்ரான்களைத் தன் பக்கம் வலுவாக இழுப்பதால் கந்தகம் நேர் மின்னூட்டம் ஏற்று, பிணைப்புகள் பாதி அயனித் தன்மை பெறுகின்றன. கந்தகத்தைச் சுற்றிப் பன்னிரண்டு எலக்ட்ரான்கள் என்று படத்தில் எண்ணலாம். அந்தப் பன்னிரண்டில் கந்தகத்துக்கு உரிய பங்கு அதைவிட மிகக் குறைவு. எட்டை மீறிய பொருள்களில் முதலாவதாகக் காட்டப்படும் இது, எண்ணும் முறையைப் பொறுத்து மீறலாகவும் மீறாமையாகவும் நிற்கிறது.

அதன் நிலைத்தன்மை மட்டும் எந்த முறையில் எண்ணினாலும் மாறாதது. 500 டிகிரி நீராவியும் உருக்கிய பொட்டாசியம் ஹைட்ராக்சைடும் அதைத் தொடுவதில்லை. ஆறு புளூரின்கள் கந்தகத்தை எல்லாப் பக்கமும் மூடி நிற்பதால், தாக்க வரும் மூலக்கூறுக்கு உள்ளே நுழைய வழியில்லை. கந்தக டெட்ராபுளூரைடோ பிணைப்பு எண்ணிக்கையில் குறைந்திருந்தும், ஒரு பக்கம் திறந்திருப்பதால் ஈரக்காற்றிலேயே சிதைகிறது. காற்றைப் போல ஐந்து மடங்கு கனமான ஹெக்சாபுளூரைடு மின்பொறியைத் தடுப்பதில் சிறந்தது என்பதால், உயர் மின்னழுத்தத் துணைமின் நிலையங்களின் இணைப்புத் துண்டிப்பான்களில் அடைக்கப்படுகிறது. வளிமண்டலத்தில் கசிந்தால் சிதையாமல் நூற்றாண்டுகள் தங்கி, நூறாண்டுக் கணக்கில் கார்பன் டைஆக்சைடைப் போல 20,000 மடங்குக்கும் மேல் வெப்பத்தைப் பிடித்துவைக்கிறது. 1997ஆம் ஆண்டின் கியோட்டோ உடன்படிக்கை கட்டுப்படுத்த வேண்டிய வாயுக்களில் ஒன்றாக அதைச் சேர்த்தது. அதற்கு மாற்றாகும் வாயுக்களையும் வெற்றிடத் துண்டிப்பான்களையும் மின்துறைகள் படிப்படியாகப் பயன்பாட்டுக்குக் கொண்டுவருகின்றன.